70 மைல் வேகத்தில் 100 ஹெர்ட்ஸ்: டொயோட்டா ஜி.டி.86-க்கு ஆஃப்டர்மார்க்கெட் எக்சாஸ்ட் போடலாமா?

கார்: 2012-இல் வெளிவந்த முதல் தலைமுறை டொயோட்டா ஜி.டி.86, ஆறு கியர் மேனுவல். இடம்: இங்கிலாந்து. பயன்பாடு: வாரம் ஐந்து நாள் மோட்டார்வேயில் வேலைக்குப் போய் வருவது, ஆண்டுக்கு மூன்று நான்கு டிராக் நாட்கள் (சொந்தக் காரைப் பந்தயப் பாதையில் ஓட்டும் நாட்கள்). இந்தக் காரை இப்படி ஓட்டுகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறைகள் இரண்டு. ஸ்போர்ட்ஸ் காருக்கு உரிய சத்தம் இல்லை, 4,000 ஆர்.பி.எம். (நிமிடச் சுற்று) பக்கம் வண்டி இழுக்கவில்லை. வேறு நிறுவனம் செய்த ஒரு எக்சாஸ்ட் (ஆஃப்டர்மார்க்கெட்) போட்டால் இரண்டும் தீர்ந்துவிடும் என்று நம்பித்தான் பணத்தை எடுக்கிறார்கள். ஆனால் சத்தக் குறை பின்பக்கத்து மஃப்ளரில் (ஒலி அடக்கும் பெட்டியில்) இருக்கிறது, இழுவைக் குறை என்ஜினுக்கு அடியில் இருக்கிறது. ஒன்றை வாங்கி மற்றது சரியாகும் என்று காத்திருப்பதில்தான் பெரும்பாலான பணம் வீணாகிறது.

எது எங்கே இருக்கிறது

நம் பேச்சில் என்ஜினிலிருந்து கடைசிக் குழாய் முனை வரை எல்லாமே ‘சைலன்சர்’தான். இந்த முடிவை எடுக்க அது போதாது. ஜி.டி.86-இல் முன்னிருந்து பின்னாகப் பார்த்தால், என்ஜினுக்கு அடியில், சிலிண்டர்களின் புகைக் குழாய்களை ஒன்றாக்கும் ஹெடர் இருக்கிறது. புகையின் நச்சைக் குறைக்கும் முதல் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அதற்குள்ளேயே அமைந்திருக்கிறது. அடுத்து வளைந்து இறங்கும் ஓவர்பைப். அதன்பின் இரண்டாவது கன்வெர்ட்டரைக் கொண்ட ஃபிரன்ட் பைப். பிறகு, முழக்கத்தைத் தணிக்கும் ரெசனேட்டர் உள்ள மிட் பைப். கடைசியாக, இரண்டு வாய் உள்ள பெரிய மஃப்ளர்.

கடைசி மஃப்ளரை மட்டும் மாற்றினால் அது ஆக்சில்-பேக். மிட் பைப்பையும் சேர்த்து மாற்றினால் கேட்-பேக். இவை இரண்டும் கன்வெர்ட்டர்களையும் சென்சார்களையும் தொடுவதில்லை. ஹெடரை மாற்றுவது வேறு வேலை. காற்று-எரிபொருள் சென்சாரும் ஆக்சிஜன் சென்சாரும் முதல் கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் நின்று அதைக் கண்காணிக்கின்றன. அந்தக் கன்வெர்ட்டர் இல்லாத ஹெடரைப் போட்டால், கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 கோடுடன் என்ஜின் விளக்கு எரியும். ஃபிரன்ட் பைப்பில் உள்ள இரண்டாவது கன்வெர்ட்டரை எந்த சென்சாரும் பார்ப்பதில்லை. அதை எடுத்துவிட்டால் விளக்கு எரியாது என்பது உண்மைதான். ஆனால் விளக்கு எரியவில்லை என்பதற்காக அது சட்டப்படி சரி என்று ஆகிவிடாது. ‘விளக்கு வராத பைப்’ என்று விளம்பரம் செய்து விற்கும்போது இந்த வித்தியாசத்தை யாரும் சொல்வதில்லை.

பவர் கணக்கு

இந்தக் காரின் எஃப்.ஏ.20 என்ஜின் 1,998 சி.சி.; போர், ஸ்ட்ரோக் இரண்டுமே 86 மி.மீ.; கம்ப்ரெஷன் 12.5:1. டர்போ கிடையாது. 7,000 ஆர்.பி.எம்.மில் 200 பி.எஸ். (குதிரைத்திறன்), 6,400 முதல் 6,600 வரை 205 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்று விசை). ஏறக்குறைய 3,500-இலிருந்து 4,500 வரை டார்க் வளைகோடு ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது.

கேட்-பேக் இந்தப் பள்ளத்தை நிரப்பாது. காரணம் எளிது. இரண்டு லிட்டர் என்ஜின் 7,000 ஆர்.பி.எம்.மில் நிமிடத்துக்குச் சுமார் 7,000 லிட்டர் காற்றை இழுக்கிறது. அது 500 டிகிரி சூட்டில் வெளியேறும்போது இரண்டரை மடங்குக்கு மேல் விரிந்து, விநாடிக்கு ஏறக்குறைய 300 லிட்டராகிறது. 60 மி.மீ. குழாயில் அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 107 மீட்டர், 76 மி.மீ. குழாயில் 67 மீட்டர். அவ்வளவு அகலம் இந்த அளவு காற்றுக்குத் தேவையே இல்லை. டர்போ கார்களில் நல்ல பலன் தரும் மூன்று அங்குலக் குழாய் இங்கே சத்தத்தைத்தான் கூட்டும். 60 அல்லது 63.5 மி.மீ. போதும்.

கேட்-பேக் விளம்பரங்களில் ‘5 பி.எஸ். கூடுதல்’ என்று படித்தால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஒரே காரை, பவரை அளக்கும் ஒரே டைனோவில் ஒரே நாளில் இரண்டு முறை ஓட்டினாலே 1 முதல் 2 சதவீத வித்தியாசம் வரும். 200 பி.எஸ்.ஸில் அது 2 முதல் 4 பி.எஸ். வரை வரும். எக்சாஸ்ட் மாற்றத்துக்கு முன்பும் பின்பும் மும்மூன்று ஓட்டம், ஒரே எண்ணெய்ச் சூடு, ஒரே டயர் அழுத்தம் என்று எடுத்த வரைபடம் இல்லையென்றால் அந்த ஐந்துக்கு மதிப்பில்லை.

எடைக் குறைப்பு உண்மைதான், ஆனால் சிறிது. 1,240 கிலோ காரில் 5 கிலோ குறைந்தால் அது 0.4 சதவீதம். ஏழு லிட்டர் பெட்ரோலின் எடையும் ஏறக்குறைய அதே ஐந்து கிலோதான்.

பள்ளத்தை நிரப்புவது ஹெடரும் ஈ.சி.யூ. மேப்பும் (என்ஜின் கணினியின் கட்டளை அட்டவணை) சேர்ந்த வேலை. வெளியேறும் வாயுத் துடிப்பு ஒவ்வொன்றும் குழாய் இணையும் இடத்தில் எதிரொலித்து, அழுத்தம் குறைந்த அலையாகச் சிலிண்டருக்குத் திரும்புகிறது. எக்சாஸ்ட் வால்வு மூடும் நேரத்தில் அது வந்து சேர்ந்தால் மிச்சப் புகையை உறிஞ்சி எடுக்கும். நேரம் தவறினால் புகையைத் திரும்பத் தள்ளும். எந்த ஆர்.பி.எம்.மில் அது சரியாக வந்து சேரும் என்பதை ஹெடர் குழாயின் நீளம் தீர்மானிக்கிறது. இந்த என்ஜினில் இன்டேக், எக்சாஸ்ட் இரண்டு பக்கமும் வால்வு டைமிங் மாறக்கூடியது. அந்த டைமிங் அட்டவணையைத் தொழிற்சாலை தன்னுடைய ஹெடருக்காக எழுதியிருக்கிறது. ஆகவே ஹெடரை மட்டும் மாற்றி மேப்பை விட்டுவிட்டால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது. 2021-இல் வந்த ஜி.ஆர்.86-இல் என்ஜினையே 2.4 லிட்டராக்கி, 3,700 ஆர்.பி.எம்.மிலேயே 250 நியூட்டன் மீட்டரைக் கொண்டுவந்தார்கள். குறை எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

சத்தம்: முடிவு இங்கேதான் இருக்கிறது

ஆக, கேட்-பேக் வாங்குவது சத்தத்துக்காக மட்டுமே. அதில் தவறில்லை, சத்தம் ஸ்போர்ட்ஸ் காரின் சுகத்தில் பாதி. ஆனால் எந்தச் சத்தம், யாருக்கு, எந்த வேகத்தில் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஜி.டி.86-இல் உள்ளே உட்கார்ந்து கேட்பதில் ஒரு பங்கு எக்சாஸ்ட் அல்ல. இன்டேக்கிலிருந்து ஒரு குழாய் கேபின் சுவர் வரை வந்து, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது இன்டேக் ஒலியை உள்ளே அனுப்புகிறது. இதற்கு சவுண்ட் கிரியேட்டர் என்று பெயர். எக்சாஸ்ட்டை மாற்றினாலும் இந்த ஒலி அப்படியே இருக்கும். அதன்மேல் புதியது வந்து ஏறும்.

இனி டிரோன். மோட்டார்வேயில் கார் ஒரே சீராகப் போகும்போது காதுக்குள் அடைத்துக்கொண்டு நிற்கும் அந்த ‘ம்ம்ம்’ ஒலி. எக்சாஸ்ட் போட்ட பலர் ஆறு மாதத்தில் கழற்றி விற்கக் காரணம் இதுதான். இதை வாங்கும் முன்பே கணக்கிட்டுவிடலாம்.

ஆறாம் கியர் விகிதம் 0.767, பின் ஆக்சில் விகிதம் 4.1, டயர் 215/45 ஆர்17, சுற்றளவு சுமார் 1.96 மீட்டர். மணிக்கு 70 மைல் என்பது விநாடிக்கு 31.3 மீட்டர். பெருக்கி வகுத்தால் என்ஜின் கிட்டத்தட்ட 3,000 ஆர்.பி.எம். நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. விநாடிக்கு 50 சுற்று. ஆக 100 ஹெர்ட்ஸ். மூடிய கேபினுக்குள் சுமார் இரண்டு மீட்டர் நீளக் காற்று இருக்கிறது. அது இயல்பாக அதிரும் அளவு 86 ஹெர்ட்ஸ் பக்கம். 100 ஹெர்ட்ஸுக்கு அருகில் இருப்பதால், சட்ட வேகத்தில் சீராகப் போகும்போது என்ஜினும் கேபினும் ஒத்து முழங்குகின்றன. கம்பெனி மிட் பைப்பில் ரெசனேட்டர் இருப்பதில் இதற்கும் பங்கு உண்டு.

அதனால் ரெசனேட்டர் இல்லாத கேட்-பேக் இந்தப் பயன்பாட்டுக்கு ஆகாது. கடைக்காரர் முகப்பில் வண்டியை நிறுத்தி ரெவ் செய்து காட்டுவதும், வீடியோவில் கேட்பதும் டிரோனைக் காட்டாது. லோடு இல்லாமல் ரெவ் செய்யும்போது 3,000-ஐ ஒரு நொடியில் கடந்துவிடும். ஃபோன் மைக் தாழ்ந்த ஒலியைச் சரியாகப் பிடிக்காது. அதே எக்சாஸ்ட் போட்ட ஒரு காரில் உட்கார்ந்து, ஆறாம் கியரில் 2,700 முதல் 3,300 வரை, இலேசான ஏற்றத்தில் பத்து நிமிடம் போய்ப் பார்க்க வேண்டும். ஏற்றம் முக்கியம், சமதளத்தில் தெரியாத டிரோன் லோடில் எழும்.

போட்டபிறகு டிரோன் வந்தால் வழி உண்டு: கால் அலைக் குழாய். மிட் பைப்பின் பக்கத்தில் ஒரு முனை அடைத்த கிளைக்குழாயை வெல்டு செய்வார்கள். ஒலி அதற்குள் போய்த் திரும்பும்போது எதிர் அலையாகி அந்த ஒரு ஹெர்ட்ஸ் ஒலியை மட்டும் அடக்கும். சாதாரணக் காற்றில் 100 ஹெர்ட்ஸுக்கு நீளம் 86 செ.மீ. 300 டிகிரி வாயுவில் ஒலி வேகமாகப் போவதால் 1.2 மீட்டர். கிளைக்குள் வாயு ஓட்டம் இல்லாததால் பிரதானக் குழாயைவிடக் குளிர்ந்திருக்கும். உண்மையான நீளம் இரண்டுக்கும் நடுவில். முதலில் நீளமாக வைத்து, ஓட்டிப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டு வருவதே நடைமுறை. குட்டையாக வைத்துவிட்டால் ஒட்டு போட்டுத்தான் நீட்ட வேண்டியிருக்கும். இந்தக் காரின் அடியில் அவ்வளவு நீளத்தை மடக்கிப் பொருத்த இடம் குறைவு என்பதால் இதை முதல் திட்டமாக வைக்கக் கூடாது.

பழைய சுபாரு கார்களின் ‘டுக் டுக்’ என்ற விட்டுவிட்டு வரும் உறுமல் வேண்டும் என்று சிலர் கேட்-பேக் வாங்குகிறார்கள். அந்த ஒலி மஃப்ளரில் இருந்து வந்ததே இல்லை. இரண்டு பக்க ஹெடர் குழாய்களும் வேறு வேறு நீளமாக இருந்ததால் துடிப்புகள் சமமற்ற இடைவெளியில் வந்து சேர்ந்தன. அதுதான் அந்த உறுமல். அந்த சுபாருகளைப் போலவே பாக்சர் என்ஜினாக (சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருப்பது) இருந்தாலும் ஜி.டி.86-இல் குழாய்கள் ஏறக்குறைய சம நீளம். எந்த மஃப்ளர் போட்டாலும் அந்த ஒலி வராது.

டிராக்கின் கதவு

பிரிட்டனில் டிராக் நாளன்று காலையில் முதலில் நடப்பது ஒலிச் சோதனை. குழாய் முனையிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்தில் மீட்டரை வைத்து, அதிகபட்ச ஆர்.பி.எம்.மின் முக்கால் பங்கில் என்ஜினைப் பிடித்து அளப்பார்கள். 7,400 வரை போகும் இந்த என்ஜினுக்கு அது 5,550. வரம்பு இடத்துக்கு இடம் மாறும். டோனிங்டன் பார்க்கில் பெரும்பாலான டிராக் நாட்களுக்கு 98 டெசிபல். பெட்ஃபோர்டு ஆட்டோட்ரோம் ஓடும்போது அளக்கும் சோதனையில் 87.5 என்ற கடுமையான வரம்புக்குப் பேர்போனது. நின்றநிலைச் சோதனையில் தப்பித்து, ஓட்டத்தில் கறுப்புக் கொடி காட்டி வெளியே அழைக்கப்படுகிறவர்கள் உண்டு. கட்டிய பணம் திரும்பாது.

பதிவுச் சான்றான வி5சி-யில் யூ.1 என்ற கட்டத்தில் நின்றநிலை ஒலி அளவு இருக்கும். அதை மட்டும் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. பக்கத்தில் யூ.2 கட்டத்தில் அது எந்த ஆர்.பி.எம்.மில் அளக்கப்பட்டது என்று இருக்கும். அது 5,550-ஐவிடக் குறைவாக இருந்தால் டிராக்கில் வரும் எண் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

டெசிபல் கணக்கில் 3 கூடினால் ஒலி ஆற்றல் இரட்டிப்பு. 10 கூடினால் காதுக்கு இரண்டு மடங்காகத் தெரியும். ஆகவே ‘97-தான் வருகிறது’ என்று சொல்லி விற்பதை 98 வரம்புக்கு வாங்கக் கூடாது. ஈரக் காற்று, பக்கத்துச் சுவர், மீட்டர் வைக்கும் கை எல்லாம் சேர்ந்து 1 முதல் 2 டெசிபலை மாற்றும். அதைவிட முக்கியம் மஃப்ளருக்குள் இருக்கும் கண்ணாடி இழை. நேராகத் துளையிட்ட குழாயைச் சுற்றி இதை அடைத்திருப்பார்கள். சூட்டில் அது பொடியாகி, வாயுவோடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போய்விடும். வாங்கிய நாளில் 97 என்பது இரண்டு மூன்று டிராக் சீசன்களில் 100-ஐத் தாண்டலாம். வாங்கும்போது 94, 95-க்குள் இருப்பதையும், உள் அடைப்பை மாற்றும்படி திருகாணி போட்ட மூடி உள்ளதையும் தேர்ந்தெடுப்பது நல்லது.

சட்டம், எம்.ஓ.டி., காப்பீடு

1986-ஆம் ஆண்டு கட்டுமான, பயன்பாட்டு விதிகளின் 54-ஆம் விதி, ஒலி கூடும்படி எக்சாஸ்ட்டை மாற்றக் கூடாது என்கிறது. எம்.ஓ.டி. என்ற ஆண்டுத் தகுதிச் சோதனையிலும், அதே வகைக் காரின் வழக்கமான சைலன்சரைவிடத் தெளிவாக அதிகச் சத்தம் இருந்தால் சோதனையாளர் தோற்கடிக்கலாம். அங்கே மீட்டர் இல்லை; அவருடைய காதுதான். 2018 மே முதல், தொழிற்சாலையில் இருந்த கன்வெர்ட்டர் இல்லாமல் போயிருந்தால் அது பெரிய குறை, தோல்வி. என்ஜின் விளக்கு எரிந்தாலும் அப்படியே. புகைச் சோதனையில் வேகமான ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதத்துக்குள், ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம்.முக்குள், லாம்ப்டா (காற்று-எரிபொருள் விகிதத்தைக் காட்டும் எண்) 0.97 முதல் 1.03-க்குள் இருக்க வேண்டும்.

அந்த லாம்ப்டா எண் கேட்-பேக் போட்டவர்களையும் பிடிக்கும். குழாய்கள் போல்ட்டால் இணையும் ஃபிளாஞ்சில் சின்னக் கசிவு இருந்தால், துடிப்புகளுக்கு நடுவே குழாய் வெளிக்காற்றை உறிஞ்சும். கன்வெர்ட்டர் நன்றாகவே இருந்தும் லாம்ப்டா 1.03-ஐத் தாண்டிவிடும். புதுக் கன்வெர்ட்டர் வாங்கச் சொல்லும் முன் ஒரு கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

காப்பீட்டு நிறுவனம் மாற்றங்கள் பற்றிக் கேட்டால் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். 2012-ஆம் ஆண்டு நுகர்வோர் காப்பீட்டுச் சட்டம் அந்தக் கவனத்தை எதிர்பார்க்கிறது. கேட்-பேக்குக்குச் சில நிறுவனங்கள் கட்டணமே கூட்டுவதில்லை. ஹெடரும் மேப்பும் என்றால் நிலை வேறு. வாங்கும் முன் ஒரு ஃபோன்.

இந்தக் காருக்கு முடிவு

ஹெடர், மேப்: வேண்டாம். பள்ளத்தை நிரப்பும் ஒரே வழி அதுதான் என்பது உண்மை. ஆனால் தொழிற்சாலைக் கன்வெர்ட்டரைத் தொட வேண்டிவரும்; எம்.ஓ.டி., காப்பீடு, சென்சார் எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டிவரும். டிராக்குக்கு மட்டும் ஓடும் கார் என்றால் பதில் மாறும்.

முழு கேட்-பேக்: மோட்டார்வே ஓட்டம் இவ்வளவு இருக்கும்போது அதுவும் வேண்டாம். கம்பெனி மிட் பைப்பும் அதன் ரெசனேட்டரும் அங்கேயே இருக்கட்டும். பின் மஃப்ளரை மட்டும் மாற்றும் ஆக்சில்-பேக், 304 கிரேடு ஸ்டெயின்லெஸ், 60 மி.மீ., நின்றநிலையில் 95 டெசிபலுக்குள். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாட்டில் 304 வீண்செலவு அல்ல. ஆனால் வெளித்தகடு மட்டும் 304, உள்ளே சாதா இரும்பு என்று விற்பதும் உண்டு. உள்குழாயின் கிரேடை எழுத்தில் கேட்க வேண்டும்.

டிராக் நேரம் குறைய வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் இந்தப் பணம் முதலில் பிரேக் பேடு, பிரேக் ஆயில், டயர் மூன்றுக்கும் போக வேண்டும். எக்சாஸ்ட் அதற்குப் பிறகு.

பொருத்தும்போது

முந்தைய நாள் மாலையே ஃபிளாஞ்ச் போல்ட்களில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட வேண்டும். உப்புச் சாலையில் ஓடிய காரில் அவசரப்பட்டால் போல்ட் முறியும். அப்புறம் துளையிட்டு எடுப்பதே அரைநாள் வேலை. ஜாக் மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. ஆக்சில் ஸ்டாண்ட் கட்டாயம். குழாயைத் தாங்கும் ரப்பர் ஹேங்கர்களில் சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கி வரும். பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊதவைத்துவிடும். கம்பெனி மஃப்ளர் கனமானது. கடைசி ஹேங்கரைக் கழற்றும்போது இன்னொருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

கேஸ்கெட் புதிது போட வேண்டும். எல்லாப் போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் திருகி, மஃப்ளரைத் தொங்கவிட்டு, குழாய் வாய் பம்பர் வெட்டின் நடுவில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சுற்றிலும் 15 முதல் 20 மி.மீ. இடைவெளி வேண்டும். இங்கே நிறைய பேர் தவறுகிறார்கள்: குளிர்ந்த நிலையில் சரியாக இருப்பது சூட்டில் நகரும். இரண்டு மீட்டர் 304 குழாய் 300 டிகிரி ஏறினால் சுமார் 10 மி.மீ. நீளும். கம்பெனிக் குழாயின் எஃகு அதைவிடக் குறைவாக நீளும் என்றாலும் நகர்வு உண்டு. ஹேங்கர்கள் குளிரில் சற்று முன்பக்கம் சாய்ந்து நின்றால் சூட்டில் நேராகும். இதைக் கவனிக்காமல் வாயைப் பம்பருக்கு ஒட்டி வைத்த கார்களில் முதல் நீண்ட ஓட்டத்திலேயே பிளாஸ்டிக் உருகி வளைந்திருக்கும்.

நிலை சரியானதும் முன்னிருந்து பின்னாக, பட்டறைக் கையேட்டில் உள்ள டார்க்குக்கு இறுக்க வேண்டும். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து, தடித்த துணியால் குழாய் வாயை ஒரு கணம் பாதி மூடினால், கசிவுள்ள இணைப்பு ‘டிக் டிக்’ என்று சொல்லிவிடும். 150 கி.மீ. ஓடியபின் மறுபடி இறுக்க வேண்டும். முதல் சில சூட்டுச் சுற்றுகளில் கேஸ்கெட் அமுங்குவது இயல்பு. மேடு பள்ளத்தில் ஏறும்போது ‘டங்’ என்று அடித்தால் ஹேங்கர் கம்பி உடலில் உரசுகிறது. அந்த இடத்தில் பளபளப்பாகத் தேய்ந்த தடம் இருக்கும்.

கழற்றிய கம்பெனி மஃப்ளரை விற்க வேண்டாம். உள்ளே தேங்கிய தண்ணீரை வடித்து, உலர்த்தி, இரண்டு வாயையும் ஃபிளாஞ்சையும் துணியால் அடைத்து, அந்த போல்ட்களை ஒரு பையில் போட்டு அதோடு கட்டி வைக்க வேண்டும். கூடவே இன்னொரு புதுக் கேஸ்கெட்டையும் வாங்கி வைத்தால், எம்.ஓ.டி.யில் சோதனையாளர் காதைப் பொத்தினாலும், அடுத்த டிராக்கின் வரம்பு குறைவாக இருந்தாலும், ஒரு மணி நேரத்தில் பழையது திரும்ப ஏறிவிடும்.